சரிக்கட்டல்களை அவிழ்த்தல்: பழைய காரின் இயந்திரக் கோளாறுகள்

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் கூடும் இடங்களில் இரண்டு குறைகளை ஓயாமல் கேட்கலாம். உதிரிபாகம் கிடைப்பதில்லை என்பது ஒன்று. விவரம் தெரிந்த மெக்கானிக் கிடைப்பதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் டிங்கரிங் முடிந்து, பெயின்ட் பளபளத்து, புது சீட் உறையும் போட்ட ஒரு கார், பத்து கிலோமீட்டர் நம்பி ஓட்ட முடியாமல் கொட்டகையில் நிற்கிறதே, அதற்கு இவை முதற்காரணம் என்று நான் நினைக்கவில்லை. பழைய வண்டியில் ஒரு கோளாறு தனியாக இருப்பது அபூர்வம். அதைச் சமாளிக்க என்றோ யாரோ செய்த சரிக்கட்டல் ஒன்று அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தச் சரிக்கட்டல் பெற்றெடுத்த புதுக் குறையை மறைக்க அதன் மேல் இன்னொன்று. மேலே தெரிவதை மட்டும் சரிசெய்தால் கீழே இருப்பது வேறு வேடத்தில் வெளியே வரும். ஆகவே, கோளாறைத் தேடுவதற்கு முன்பு சரிக்கட்டல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, வண்டியை நமக்குத் தெரிந்த ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்கான சான்றும், இதற்கு எழக்கூடிய மறுப்புகளுக்கான பதிலும்.

எடுத்துக்காட்டாக அம்பாஸடரை வைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை ஒட்டி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை செய்த வண்டி அது. அதில் நெடுங்காலம் இருந்த 1,489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசையைச் சேர்ந்தது: சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9 மில்லிமீட்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1961இல் தொடங்கிய பாடி லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையின் மின் உறுப்புகள் நாட்டு வண்டிகள் பலவற்றில் ஏறின. இன்று புதுப்பிக்க வரும் அம்பாஸடர் ஒன்றுக்கு முப்பது, நாற்பது வயது இருக்கும். அரசு அலுவலகம், டாக்சி, கல்யாண வீட்டு வாடகை, பிறகு யாரோ ஒருவரின் தோட்டத்து ஷெட் என்று அது கைமாறி வந்திருக்கும். ஒவ்வொரு கையிலும் சில திருகுகள் திருகப்பட்டிருக்கும். எதற்கும் எழுத்துக் கணக்கு இராது.

இவ்வளவு சரிக்கட்டல் ஏன் சேர்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மெக்கானிக்குகளின் சோம்பல் என்று முடித்துவிடுவது அநியாயம். இந்த வண்டியின் அமைப்பே அதற்கு இடம் கொடுக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பினால் டைமிங் மாறும். எஸ்யு கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஜெட் நட்டைச் சுற்றினால் கலவையில் பெட்ரோலின் அளவு மாறும். பிரேக் ஷூவைச் சதுரத் தலைத் திருகால் நெருக்கலாம், தளர்த்தலாம். சாலையோரத்தில் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் வீடு போய்ச் சேரலாம் என்று நாம் மெச்சும் குணம் இதுதான். எதையும் திருத்தக்கூடிய இயந்திரத்தில் எதையும் மறைக்கவும் முடியும். இன்றைய கார்களும் சரிக்கட்டுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். என்ஜினுக்குள் எங்கோ காற்று கசிந்தால் கணினி தானாகவே பெட்ரோலைக் கூட்டிவிடும். ஆனால் எவ்வளவு கூட்டியது என்பதைச் சதவீதமாகக் குறித்து வைக்கிறது. ஸ்கேனரைச் செருகிப் படித்துவிடலாம். அம்பாஸடரில் கூட்டியது மனிதக் கை. அது எழுதி வைக்கவில்லை. புதுப்பிக்கிறவர் எழுதப்படாத அந்தக் கணக்கைத்தான் மீட்க வேண்டியிருக்கிறது.

சான்றுகளுக்கு வருவோம். பட்டறைக்கு மிக அதிகமாக வரும் புகார், "பிக்கப் இல்லை, ஐடிலில் நிற்கவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது" என்பது. இதன் அடியில் இருக்கக்கூடிய ஒரு வரிசையைச் சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகம் கூடக் கூடத் தீப்பொறியை முன்னதாக விழச் செய்யும் இரண்டு எடைகள் உண்டு. எண்ணெய் காணாமல் அவை துருவேறி இறுகிப்போகின்றன. வண்டி வேகத்தில் இழுக்காது. உடனே கை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஆரம்ப டைமிங்கை முன்னால் தள்ளுகிறது. இழுவை வருகிறது, ஓட்டுநர் மகிழ்கிறார். இப்போது செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் எதிர்த்து உதைக்கிறது, மேட்டில் நாக்கிங் சத்தம் கேட்கிறது. நாக்கிங்கை அடக்கக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறார்கள். இதற்கிடையே கார்புரேட்டரின் திராட்டில் தண்டு தேய்ந்து, அதன் ஓரமாகக் காற்று புகுந்துகொண்டிருக்கிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் இந்தக் கசிவு அங்கே பெரிதாகப் பாதிக்கும். அதை ஈடுகட்ட ஜெட்டை இன்னும் இறக்குகிறார்கள். திராட்டில் திறந்து ஓடும்போது கசிவு மொத்தக் காற்றில் சிறு பங்குதான், ஆனால் கூட்டிய பெட்ரோல் அப்படியே இருக்கிறது. பிளக் கரி பிடிக்கிறது. கரியை எரிக்க இன்னும் சூடாக ஓடும் வகைப் பிளக் மாட்டப்படுகிறது. கடைசியில் நம் முன் நிற்கும் வண்டியில் நான்கு திருத்தங்கள் இருக்கின்றன. மூலக் குறைகள் இரண்டு மட்டுமே, இறுகிய எடைகளும் தேய்ந்த தண்டும். இரண்டையும் எவரும் தொடவில்லை.

இந்த வண்டிக்குப் புது கார்புரேட்டர் வாங்கி மாட்டினால் என்ன நடக்கும்? புதுக் கார்புரேட்டரில் கசிவு இல்லை, கலவை சரி. அதனாலேயே முன்னால் தள்ளிய டைமிங்கின் நாக்கிங், பெட்ரோல் கூடுதலால் அதுவரை அடங்கிக் கிடந்தது, இப்போது வெளியே வருகிறது. "புது கார்புரேட்டர் போட்ட பிறகுதான் இப்படி" என்று பாகத்தின் மேல் பழி விழுகிறது; டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டை. சரியான பாகம் போட்டதால் வண்டி மோசமானதாகத் தோன்றும் விசித்திரம் இது. பழைய வண்டி வேலையில் பணமும் மனமும் சோர்ந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உதிரிபாகம் கிடைக்காததால் வந்த தொல்லையல்ல இது. கிடைத்ததால் வந்தது.

என்ஜின் சூடாவதிலும் இதே கதை, ஆனால் அபாயம் கூடுதல். ரேடியேட்டரின் குழாய்களில் உப்புப் படிவும், பிளாக்கின் பின்பக்கம் நான்காவது சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர்ப் பாதையில் துருச் சேறும் அடைகின்றன. தண்ணீர் கொதிக்கிறது. நம் ஊர்ப் பட்டறை மரபில் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "வெயில் நாட்டுக்கு இது எதற்கு, குளிர்நாட்டுக்காரன் வைத்தது" என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரிக்கு வரும்வரை ரேடியேட்டர் பாதையை மூடி வைக்கும் ஒரு வால்வு. அது இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் தேவையான சூட்டை எட்டாது. சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஈரமாகப் படிந்து எண்ணெய்ப் பூச்சைக் கழுவும். ரிங்கும் சுவரும் விரைவாகத் தேயும். நெரிசலில் நின்றால் அடைத்த ரேடியேட்டர் பழையபடி கொதிக்கும். ஆக, ஒரே வண்டி ஓடும்போது குளிர்ந்தும் நிற்கும்போது கொதித்தும் போகிறது. குளிர்ச்சிக்கு ஈடாகக் கலவையைக் கூட்டுகிறார்கள். கொதிப்புக்கு ஈடாகப் பெரிய விசிறி வைக்கிறார்கள்.

ரேடியேட்டர் மூடி விஷயத்தை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. அது வெறும் மூடியல்ல, அழுத்த வால்வு. ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் தண்ணீரின் கொதிநிலையை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்த்தும். ஏழு பிஎஸ்ஐ மூடி சரியாக இருந்தால் கடற்கரை மட்டத்தில் தண்ணீர் 110 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கு ஏறினால், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு ஒரு ஆரோக்கியமான என்ஜினுக்குச் சாதாரணம். மலையேற்றத்தில் கொதிக்கும் வண்டியின் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் போரிங் வரை செலவு இழுத்துவிட்ட பிறகும் மூடியை மாற்றாமல் விட்டால், அடுத்த மலையிலும் அதே ஆவிதான். டைமிங் பின்தங்கினால் சூடு ஏறும், கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் ஏறும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடு என்ற ஒரே புகாருக்கு என்ஜினின் மூன்று வெவ்வேறு பகுதிகள் விடை சொல்லக்கூடும்.

பிரேக்கில் இந்தச் சங்கிலி உயிரோடு விளையாடுகிறது. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதிச் சுருங்கியிருக்கும். மிதிக்கும்போது காலின் பலத்தால் எண்ணெய் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. விட்டதும் ஷூ ஸ்பிரிங்குக்கு அதைத் திருப்பித் தள்ளும் பலம் இல்லை. சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஷூவைத் தளர்த்துகிறார்கள், பிடிப்பு குறைகிறது, ஆனால் பெடல் ஆழமாக இறங்குகிறது, இரண்டு தரம் மிதிக்க வேண்டியிருக்கிறது. பெடலை உயர்த்த மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுதண்டை நீட்டுகிறார்கள். அந்தத் தண்டில் சிறிது பிளே இருந்தாக வேண்டும். அப்போதுதான் பெடலை விட்டதும் உள்ளே இருக்கும் சிறு துவாரம் திறந்து, சூட்டில் விரிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். பிளே இல்லாவிட்டால் துவாரம் மூடியே கிடக்கும். ஓட ஓடச் சூடேறும், எண்ணெய் விரியும், நான்கு சக்கரமும் தாமாகவே பிடிக்கும். ஒரு சக்கரத்தில் இருந்த குறை நான்குக்கும் பரவிவிட்டது.

இதை அவிழ்க்கும் வழி எளிமையானது, காசும் ஆகாது. பிடித்துக்கொண்ட சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதன் காற்று வெளியேற்றும் திருகைத் திறக்க வேண்டும். எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். விடுபடாவிட்டால் ஷூ, ஸ்பிரிங், இறுகிய வீல் சிலிண்டர், ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அழுத்தம்தான் என்றால், மறுபடி மிதித்துப் பிடிக்க வைத்து, இம்முறை ஹோஸுக்கு மேலே உள்ள இணைப்பைத் தளர்த்த வேண்டும். அப்போதும் பிடி விடாவிட்டால் குறை ஹோஸில். விட்டால் அதற்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். இரண்டு திருகைத் திறந்ததில் சந்தேகங்களில் பெரும்பாலானவை கழிந்துவிடுகின்றன.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக ஒரே ஒரு சான்று. பழைய வண்டியின் ஹெட்லைட் மங்கல். பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் துருப்பிடித்த எர்த், தேய்ந்த சுவிட்ச், கறுத்த ஃபியூஸ் கிளிப் என்று வழிநெடுக மின்னழுத்தம் கசிகிறது. பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். அழுத்தம் பத்து சதவீதம் போனால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். இதற்குக் கடைத்தெரு வைத்தியம் 45 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் பல்பு. அதே பழுதான இணைப்புகளின் வழியே இப்போது இரண்டு மடங்குக்கும் மேல் மின்னோட்டம் பாய்கிறது. அங்கே உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில், அதாவது நான்கு மடங்குக்கு மேல் ஏறுகிறது. வெளிச்சம் கொஞ்சம் கூடுகிறது. சுவிட்ச் உருகுகிறது. ஒரு மல்ட்டிமீட்டரை எடுத்து, விளக்கு எரியும்போதே பேட்டரியின் நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்த்தால், கால் வோல்ட்டுக்கு மேல் காட்டும் இடம்தான் நோயின் இடம்.

சரி, எந்த வரிசையில் அவிழ்ப்பது? வரிசை நம் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. எந்தப் பகுதி எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கார்புரேட்டரைச் சரியாக அமைக்க வேண்டுமானால் தீப்பொறி சரியாக விழ வேண்டும். தீப்பொறிக்கு டைமிங், டைமிங்குக்குப் பாயின்ட் இடைவெளி. பாயின்ட் இடைவெளி மாறினாலே டைமிங் மாறிவிடும், எனவே இடைவெளியை முதலில் வைக்காமல் டைமிங் பார்ப்பது வீண். இவை எல்லாவற்றுக்கும் அடியில் சிலிண்டரில் அழுத்தம் இருக்க வேண்டும். அதற்கு வால்வு இடைவெளி சரியாக இருக்க வேண்டும். ஆகவே வால்வு, கம்ப்ரெஷன், பாயின்ட், டைமிங், கடைசியில் கார்புரேட்டர். பெரும்பாலான பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. கை எட்டும் இடத்தில், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது கார்புரேட்டர் என்பது தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பி-வரிசை என்ஜினின் எட்டு வால்வுகளை அமைக்க ஓர் அழகான சூத்திரம் உண்டு: முழுவதும் திறந்து நிற்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், இப்போது இடைவெளி பார்க்க வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். வால்வுகள் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று சமச்சீராக அமைந்திருப்பதன் விளைவு இது.

கம்ப்ரெஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் தாழ்ந்தால், அதில் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஹெட்டைத் திறக்காமலே ஹெட்டுக்குள் இருப்பதைப் பாதிக்கு மேல் சொல்லிவிடும் சோதனை இது.

இங்கே என் வாதத்துக்கு நானே ஓர் எல்லை போட வேண்டும். அளவும் ஏமாற்றும். ஓடித் தேய்ந்த பாயின்டில் ஒரு பக்கம் முளையும் மறுபக்கம் குழியும் விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் அந்த முளையில் தட்டி நின்று, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டிய இடைவெளி சரியாக இருப்பதாகச் சொல்லும். உண்மை இடைவெளி அதைவிடப் பெரிது. வால்வை அமுக்கும் ராக்கரின் முகத்தில் பள்ளம் விழுந்தாலும் அப்படியே. டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், நிற்கும்போது அளந்த எந்த அளவும் ஓடும்போது பொருந்தாது; டைமிங் லைட்டைக் காட்டினால் குறி ஓரிடத்தில் நிற்காமல் சிதறும். எனவே எதை அளக்கிறோமோ அந்தப் பரப்பு அளக்கத் தகுந்ததா என்ற கேள்வி அளவுக்கு முந்தியது. அளவுகோல் கையில் இருப்பதே அறிவியல் என்று எண்ணிக்கொள்வதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

இனி மறுப்புகள். முதலாவது, நடைமுறைக்காரர் சொல்வது: ஓடுகிற வண்டியைத் தொடாதே, நான்கு சரிக்கட்டலோடும் அது ஓடத்தானே செய்கிறது, எல்லாவற்றையும் அவிழ்க்கப் போனால் நேரமும் கூலியும் யார் தருவது? தினம் ஓடிச் சம்பாதிக்க வேண்டிய டாக்சிக்கு இது முழுக்க நியாயமான பேச்சு. அங்கே சரிக்கட்டல் ஓர் அறிவான தீர்வு என்றுகூட ஒப்புக்கொள்வேன். ஆனால் புதுப்பிக்கிற வண்டி வேறு. அதில் மாதக்கணக்கில் உழைப்பும் பணமும் ஏற்கெனவே இறங்கியிருக்கின்றன. சரிக்கட்டல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வண்டியில் ஏதோ ஒரு பாகத்தைப் புதிதாக்கினாலே அந்தச் சமநிலை கலைந்துவிடும் என்பதைக் கார்புரேட்டர் விஷயத்தில் பார்த்தோம். எதையும் மாற்றாதவரைதான் தொடாமல் இருப்பது வழி. புதுப்பிப்பதென்றாலே மாற்றுவது என்றாகிவிட்டபோது அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் என்ஜின் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். கருவியும் கையேடும் அனுபவமில்லாதவனின் ஊன்றுகோல் என்பது அந்த மறுப்பு. அந்தக் காதுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டேப்பெட் சத்தத்தையும் பிஸ்டன் பின் சத்தத்தையும் பிரித்துச் சொல்லும் காதுக்கு மாற்று இன்னும் வரவில்லை. ஆனால் அனுபவம் என்பது குறிப்பிட்ட சில வண்டிகளோடு பழகிய பழக்கம். அது வேறு வண்டிக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் உடன்பிறப்பு அது. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு, டிரனியன் என்னும் வெண்கலப் பாகத்துக்குள் மரையோடு இறங்கித் திரும்பும். அதற்கு கியர் ஆயில் விட வேண்டும். ஆனால் மற்ற வண்டிகளில் முன்பக்கம் முழுவதும் கிரீஸ் அடித்துப் பழகிய கை, இங்கேயும் கிரீஸ் கன்னைத்தான் எடுக்கும். கட்டியான கிரீஸ் மரையின் அடிவரை போய்ச் சேராது. தண்ணீர் போகும், எஃகு துருவேறும், ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடியும். இங்கே அக்கறைக் குறைவு எதுவும் இல்லை. தவறாமல் கிரீஸ் அடித்த அக்கறையான கைதான் அது. கையேட்டின் ஒரு வரி அந்தக் கையைத் திருத்தியிருக்கும்.

மூன்றாவது மறுப்பு கையேட்டையே கேள்வி கேட்கிறது. அந்த எண்களெல்லாம் அன்றைய பெட்ரோலுக்கு எழுதியவை. இன்றைக்கு அவற்றுக்கு என்ன மதிப்பு? கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு முடிந்தது. ஈயம் எரியும்போது வால்வு உட்காரும் இடத்தில் ஒரு படலமாகப் படிந்து அதைக் காத்தது. அது போன பின், கடினப்படுத்தாத வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல உள்ளே புதையத் தொடங்கும், இடைவெளி தானாகக் குறையும். பிறகு எத்தனால் வந்தது. 2025 அளவில் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. சுத்தமான பெட்ரோலின் ஒரு பங்கை எரிக்க ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலவைக்குப் பதின்மூன்றரைப் பங்கு போதும். அதாவது கையேட்டின்படி அச்சாக அமைத்த கார்புரேட்டர் இன்று பெட்ரோல் குறைவான கலவையைத்தான் தரும். பழைய ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கெடும். எத்தனால் தண்ணீரையும் இழுத்து வைக்கும்.

இதனால் கையேடு பயனற்றதாகிவிடவில்லை என்பது என் பதில். கலவையைக் கையேட்டு அளவிலிருந்து எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேட்பதற்கே முதலில் கையேட்டு அளவில் நிற்க வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாத வண்டியில் எத்தனாலுக்காகச் செய்யும் திருத்தம், ஏற்கெனவே இருக்கும் நான்கோடு ஐந்தாவதாகப் போய்ச் சேரும். திருத்தம் கூடாது என்பதல்ல என் கட்சி. காரணம் தெரிந்து, அளவு தெரிந்து, எழுதி வைத்துச் செய்த திருத்தம் வேறு. நோய் தெரியாமல் அறிகுறியை அமுக்கியது வேறு. ஜெட் நட்டு இரண்டிலும் ஒரே அளவு திரும்பியிருக்கலாம்.

கடைசி மறுப்பு பொறுமையற்றவர்களுடையது, வசதி உள்ளவர்களுடையதும்கூட: எதற்கு இந்த ஆராய்ச்சி, எல்லாப் பாகத்தையும் புதிதாகப் போடு, அல்லது வேறு என்ஜினையே இறக்கு. எல்லாம் புதிது என்பது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் புதுப் பாகம் பல நேரம் பழைய நல்ல பாகத்தைவிடத் தாழ்ந்தது. புதுக் கண்டென்சர் சூடேறியதும் செயலிழந்து, பாயின்ட் கருகி, வண்டி நடுவழியில் நிற்பது பழைய கார்க்காரர்களிடையே எங்கும் கேட்கும் புலம்பல். பத்து பாகங்களை ஒரே நாளில் மாற்றிய பிறகு ஒரு கோளாறு வந்தால், பத்தும் சந்தேகத்துக்கு உரியவை. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தால் சந்தேகத்துக்கு உரியது ஒன்றே. மெதுவான வழி என்று தோன்றுவது கூட்டிக் கழித்தால் விரைவான வழியாக முடிகிறது.

என்ஜினையே மாற்றுவதைப் பொறுத்தவரை, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் அம்பாஸடரில் 1,817 சிசி இசுசூ என்ஜினை வைத்தது என்ற முன்னுதாரணம் உண்டு. நல்ல என்ஜின், மறுப்பில்லை. ஆனால் பழைய வண்டிக்கு அதை இறக்கினால் கூலிங், கிளட்ச், எக்ஸாஸ்ட், பிரேக் என்று ஒவ்வொன்றும் புதிய பலத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒரு பெரிய சரிக்கட்டலின் கீழ் சிறியவை வரிசையாகத் தொடங்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகன விதிகளில் 2021இல் செய்த திருத்தம், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதிந்து "விஏ" என்னும் எழுத்தோடு எண் தர வழி செய்கிறது. சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் வைத்திருப்பது அதற்கு நிபந்தனை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனமும், செய்த மாற்றங்களை ஆவணமாகப் பதிந்து வைக்கச் சொல்கிறது. அருங்காட்சியகப் பொருளுக்கான ஆடம்பரம் என்று அதை ஒதுக்கலாம். எனக்கோ அது மெக்கானிக்கின் அன்றாடத் தேவையாகவே படுகிறது.

அளந்து பார்க்காமலே மாற்ற வேண்டியவை சில உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் என் வாதத்தை யாராவது பிடிவாதமாகப் பின்பற்றி ஆபத்தில் மாட்டுவார்கள். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் ஹோஸ், பழைய டயர்: இவற்றின் வயது தெரியாவிட்டால் சோதனை எதுவும் வேண்டாம், மாற்றிவிட வேண்டும். ரப்பர் உள்ளிருந்து அழியும், அழிவதற்கு முன் அளவில் காட்டாது. பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் கூடாது, ஊதிவிடும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முடிந்த பிறகே என்ஜினின் இழுவையைப் பற்றிப் பேச வேண்டும். நடைமுறையில் எல்லாரும் முதலில் என்ஜினைக் கிளப்பிக் கேட்கத்தான் ஆசைப்படுகிறார்கள். அதேபோல் ஹெட்லைட்டுக்கு ரிலே, ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு சீட், எத்தனால் தாங்கும் ஹோஸ் ஆகிய மூன்றும் தொழிற்சாலை அமைப்பிலிருந்து விலகினவைதான் என்றாலும் தயங்காமல் செய்யலாம். செய்த தேதி, வைத்த அளவு, மாற்றிய பாகத்தின் எண் ஆகியவற்றைக் குறித்த ஒரு நோட்டு டேஷ்போர்டு டிராயரில் கிடந்தால் போதும். அடுத்து பானெட்டைத் திறக்கிறவர் கார்புரேட்டரின் நட்டில் கை வைப்பதற்கு முன் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நம் கையில் இல்லை.